கண்ணாடிப் பக்கத்துச் சரித்திரம்

மார்ச் 4, செவ்வாய்

ஒரு பள்ளிக்கூடப் பாவாடை. பிள்ளை வளர்ந்துவிட்டது, மடிப்பைப் பிரித்து நீளம் விட வேண்டும். நானோ இருக்கிற நீளத்தையும் மடித்துத் தைத்து, இஸ்திரியும் போட்டு வைத்துவிட்டேன். சாயங்காலம் அம்மாக்காரி வந்து விரித்துப் பார்த்து, "என்னங்க, வேற யாரோ பாப்பா பாவாடையைக் குடுத்துட்டீங்களா?" என்றாள். நிற்க வைத்தே பிரித்துத் தைத்துக் கொடுத்தேன்.

கை மிஷினில், மனசு வேறெங்கோ. காரணம் காம்ப்ளெக்ஸ் மேனேஜர். காலையில் கடை திறந்ததுமே டையை ஆட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அவர் வருவது அபூர்வம். வந்தால் எரிகிற பல்பைக் கழற்றி அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டத்தான் வருவார். இன்று கையில் ஏணி இல்லை. இரண்டு செய்தி இருந்தது.

ஒன்று: இந்த ஷாப்பிங் காம்ப்ளெக்ஸுக்கு முப்பது வயதாகிறதாம். நடுக்கூடத்துச் சுவரில் அதன் சரித்திரத்தைப் பெரிய எழுத்தில் போடப் போகிறார்களாம். நான் எழுதித் தர வேண்டுமாம். "நோட்டீஸ் போர்டுல உங்க எழுத்தைப் பார்த்திருக்கேன் மேடம். வார்த்தை உங்களுக்கு அப்படியே கொட்டுது." நோட்டீஸ் போர்டில் நான் எழுதியது 'எஸ்கலேட்டரில் குழந்தைகளை விளையாட விடாதீர்கள்'. அதில் என்ன கொட்டியதோ.

இரண்டு: நாங்கள் கடை வைத்திருக்கிற கண்ணாடிப் பக்கத்தை மூடப் போகிறார்கள். முழுசாக. ஆன்லைனில் வாங்குகிற சாமான்களை அடுக்கி வைக்கிற குடோன் வரப் போகிறது.

முதல் செய்தியைச் சிரித்துக்கொண்டே சொன்னவர், இரண்டாவதையும் அதே சிரிப்போடு சொல்லி முடித்தார். நடுவில் முகத்தை மாற்ற மறந்துவிட்டார் போலிருக்கிறது.

மார்ச் 5, புதன்

சரித்திரம் என்றால் எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே. துணி வெட்டுகிற காகிதத்தில் கட்டடத்தைப் படம் போட்டுப் பார்த்தேன்.

கிழக்கே கண்ணாடிப் பக்கம். அகலமான படிக்கட்டு, இரண்டாள் உயரக் கண்ணாடிக் கதவு, வாசலில் தண்ணீர் வராத நீரூற்று. எதிரே வெறும் பொட்டல். மேற்கே லாரிப் பக்கம். சாமான் இறக்குவதற்காக விட்ட வாசல். கதவுகூடக் கிடையாது, ரப்பர் பட்டைகள்தான் தொங்கும். ஆனால் பஸ் ஸ்டாப் அதற்கு நேர் எதிரே இருக்கிறது. அதனால் இந்தப் புறநகரில் இருக்கிற அத்தனை பேரும் தலையில் ரப்பர் உரச அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். பாதி தூரம் வருவதற்குள் வேண்டியது கிடைத்துவிடும், அப்படியே திரும்பிவிடுவார்கள். எங்கள் பக்கம் வருகிறவர்கள் இரண்டே வகை: எங்களைத் தேடி வருகிறவர்கள், பாத்ரூமைத் தேடி வழி தவறியவர்கள்.

"கட்டினவன் காம்ப்ளெக்ஸை முதுகுப் பக்கமா கட்டிட்டான்." இது இவர், என் வீட்டுக்காரர், தினமும் டீ குடிக்கும்போது சொல்வது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி நான் முதன்முதலில் இந்தக் கடைக்குள் கால் வைத்த அன்றும் சொன்னார். அப்போது இது ஆல்டரேஷன் கடை இல்லை. ரெடிமேட் கடை. கண்ணாடிக்குப் பின்னால் கோட்டு போட்ட பொம்மைகள் வரிசையாக நிற்கும். பார்க்கத்தான் ஆள் கிடையாது. பொம்மைகளை ஒவ்வொன்றாக விற்றோம். ஒரு மூலையில் நான் மிஷின் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நாளில் அந்த மூலைதான் கடை என்றாகிவிட்டது.

கட்டடம் கட்டிய அந்த முகம் தெரியாத மனுஷனை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! இடுப்பு வலிக்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரு அர்ச்சனை உண்டு.

மார்ச் 7, வெள்ளி

லாரிப் பக்கத்தில் இரண்டு இடம் காலியாக இருக்கிறதாம். எஸ்கலேட்டருக்குக் கீழே ஒன்று, ஏடிஎம்முக்குப் பக்கத்தில் ஒன்று. கண்ணாடிப் பக்கத்துக் கடைகளுக்கே தருவார்களாம். பெரிய மனசு. ஆனால் இங்கே கடைகள் நாலு. நாங்கள், ஸ்டுடியோக்காரர், சாவிக்காரர், போன் டாக்டர்.

நாலு பேருக்கு இரண்டு நாற்காலி. பாட்டை மட்டும் போடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்டுடியோவில் கூட்டம். ஸ்டுடியோக்காரரும் இவரும்தான் திறப்பு விழாவிலிருந்து இருக்கிறவர்கள். சாவிக்காரர் பல வருஷம் கழித்து வந்தவர். போன் டாக்டர் வந்து இரண்டு வருஷம். ரிப்பேருக்கு வரும் போனைக் காதில் வைத்து நாடி பார்க்கிற மாதிரி கேட்பாள், அதனால் சாவிக்காரர் வைத்த பெயர் அது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து கடை போட்ட பெண். அதற்காக அவள் அம்மா அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

இவர் எழுந்து நின்று பேசினார். "தப்பு அவங்களோடது. முதுகுப் பக்கமா கட்டினது அவங்க. அந்தத் தப்பை யார் ரொம்ப வருஷம் அனுபவிச்சாங்களோ, அவங்களுக்குத்தான் முதல்ல இடம் குடுக்கணும்." ஸ்டுடியோக்காரர் தலையாட்டினார். சாவிக்காரர் எதிர்பார்த்ததுதான் என்கிற மாதிரி காதைக் குடைந்துகொண்டார்.

போன் டாக்டர் மட்டும், "அப்போ நான், அண்ணா?" என்றாள்.

"உனக்கென்னம்மா, வயசு இருக்கு."

அவள் கையிலிருந்த போனைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஆனால் வாயைத் திறந்தேனா? இல்லை. முதல் இடம் எங்களுக்கு என்பது காதில் விழுந்ததும் வயிற்றில் ஒரு குளிர்ச்சி. பொய் சொல்வானேன்.

எழுதுகிற சரித்திரத்தில் 'முதுகுப் பக்கம்' விஷயத்தை அழுத்தி எழுதச் சொல்லி இவரும் ஸ்டுடியோக்காரரும் சொல்லியிருக்கிறார்கள். சுவரிலேயே ஏறிவிட்டால் நிர்வாகம் மறுக்க முடியாதாம்.

மார்ச் 12, புதன்

மத்தியானம் இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு எஸ்கலேட்டர் அடிக்குப் போனேன். யாரும் பார்க்காதபோது அளந்தேன். மிஷினைச் சுவரோரம் போட்டால் கட்டிங் டேபிளுக்கும் இடம் இருக்கும். துணி மாட்டும் கம்பி கொஞ்சம் சாய்வாக வரும், பரவாயில்லை. அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் எத்தனை கால்கள் போயின! அத்தனை பேருக்கும் பேன்ட் இருக்கிறது. பாதிப் பேருக்கு நீளம் சரியில்லை.

திரும்பி வரும்போது கண்ணாடிப் பக்கத்து நடை வெறிச்சென்று இருந்தது. எனக்கு அந்த எஸ்கலேட்டர் அடி இடம் வேண்டும். வேண்டும், வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

மகள் போனில். "போதும்மா. ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. ஒரு ரூமை ஒழிச்சுத் தரேன்."

நல்ல பெண்தான். மாப்பிள்ளையும் தங்கமானவர். ஆனால் அந்த ரூமில் காலையில் எழுந்து நான் எதைத் திறப்பேன்? ஷட்டர் இல்லை, சாவி இல்லை. அவர்கள் வேலைக்குப் போனதும் ஜன்னலுக்கு ஜன்னல் நடக்க வேண்டியதுதான். "பாக்கலாம்டி" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

மூன்று பக்கம் எழுதினேன். கிழித்தேன். 'அன்று ஒரு பொன்னாள்' என்று ஆரம்பித்திருந்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர் ஒருவர் உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், பேன்ட் இடுப்பை அரை இன்ச் பெரிசாக்கச் சொல்லி. "உடம்பு வளரலம்மா, துணிதான் சுருங்குது" என்பார். இன்று வந்தார். மிஷின் பக்கத்தில் சரித்திரக் காகிதங்கள் கிடந்தன. என்ன என்று கேட்டார். சொன்னேன். கட்டினவன் முதுகுப் பக்கமாகக் கட்டிவிட்டதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாரும்மா முதுகுப் பக்கமா கட்டினது? கட்டினவன் சரியாத்தான் கட்டினான். ஸ்டாப்பே இந்தக் கண்ணாடிப் பக்கம்தானே இருந்துச்சு! அந்தப் பொட்டல் ஓரமா. முதல் வருஷம் பூரா நான்தான் இங்க நின்னு டைம் எழுதினேன்."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் யார் மாற்றினார்கள்?

"இந்தப் பக்கத்துக் கடைக்காரங்கதான். மனு மேல மனு. பஸ்ஸுக்கு நிக்கற ஜனங்க படியில உக்கார்றாங்க, மழை பெஞ்சா கடைக்குள்ள பூந்துடறாங்க, கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு அழுக்காக்கறாங்கன்னு. டிப்போவுக்கே ஊர்வலமா வந்தாங்கம்மா. உங்க வீட்டுக்காரர்தான் முன்னால நின்னாரு. என்னா பேச்சு! ஸ்டாப்பை அந்தப் பக்கம் மாத்தினதும் எங்களுக்கெல்லாம் ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு."

பேன்ட்டை நாளைக்குத் தருகிறேன் என்று அனுப்பினேன். எதை எவ்வளவு பிரிக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இருக்காது. வயசானவர், வேறு ஏதோ இடத்தை நினைத்துக்கொண்டு சொல்கிறார்.

ஸ்டுடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒரு ஆளை உட்கார வைத்திருந்தார். ஆள் போகிற வரை நின்றேன். கேட்டேன். ஸ்டுடியோக்காரர் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"அப்போ நாங்க சின்னப் பசங்க... புதுக் கடை, புதுக் கண்ணாடி... ஜனங்க எல்லாம் எங்க போயிடப் போறாங்கன்னு நினைச்சோம்."

அப்போ நிஜம்தான்.

ஜனங்கள் பஸ்ஸோடு போய்விட்டார்கள். வேறு எங்கே போவார்கள்? இரண்டாவது வருஷமே எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாவது வருஷம் நான் கழுத்தில் மாலையோடு வந்து இறங்கியிருக்கிறேன். நான் வரும்போதே கடை காலி. காலி பண்ணினவர்தான் எனக்குக் கடையைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்.

மார்ச் 22, சனி

இவரோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தேன், எடுத்தேன். "உப்பு இல்லையே" என்றார். உப்பு டப்பாவை முன்னால் நகர்த்தினேன்.

டீ குடிக்கும்போது வழக்கம்போல ஆரம்பித்தார், "கட்டினவன்..." என்று. நான் எழுந்து பாபின் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். பாபின் கையில்தான் இருந்தது.

மார்ச் 23, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

நேராகவே கேட்டேன். ஸ்டாப் முதல்ல எந்தப் பக்கம் இருந்தது?

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பேப்பரை மடித்தார், மறுபடி மடித்தார், சதுரமாக உள்ளங்கை அளவுக்கு ஆக்கினார். "யார் சொன்னா?" என்றார். யார் சொன்னால் என்ன?

"உனக்குத் தெரியாது. கொட்டற மழைல ஓடி வந்து புதுச் சட்டை அடுக்கின இடத்துல குடையை உதறுவானுங்க. கேட்டா, 'பஸ் வர வரைக்கும்தாங்க'ம்பானுங்க. ஒருத்தனும் ஒரு கர்ச்சீப் வாங்க மாட்டான். நான் அந்தக் கண்ணாடியை என் கையால துடைப்பேன், தெரியுமா?"

அப்படியே இருக்கட்டும். தப்பு யாரும் பண்ணுவார்கள். எனக்கு வலிப்பது அது இல்லை. இருபத்தெட்டு வருஷம்! ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஏன் சொல்லல? நான் மிஷின்ல உக்காந்து எவனோ ஒருத்தனைத் திட்டிட்டே இருக்கேன், நீங்க பக்கத்துல டீயை ஊதிக் குடிச்சிக்கிட்டு 'ஆமா ஆமா'ங்கறீங்க. எப்படிங்க முடிஞ்சுது?

இதெல்லாம் கேட்டேனா, இப்போதுதான் எழுதுகிறேனா? பாதி கேட்டேன். பாதி இந்தத் தாளில்தான்.

"இதைச் சரித்திரத்துல எழுதிடாதே" என்றார். அது ஒன்றுதான் அவர் கேட்டது. "எழுதினா இடம் போச்சு."

மார்ச் 25, செவ்வாய்

யோசித்துப் பார்க்கிறேன். அவர்கள் தப்பு, நாங்கள் அனுபவித்தோம், அதனால் மூத்தவர்களுக்கு இடம். இதுதானே பேச்சு, மேனேஜரும் இதற்குத்தான் தலையாட்டியிருக்கிறார். இப்போது தப்பே நாங்கள்தான் என்றால்? இரண்டு இடமும் போவது யாருக்கு? ஸ்டாப்பை மாற்றச் சொல்லி ஊர்வலம் போன இரண்டு பேருக்கு. வெளியே போவது யார்? எந்த மனுவிலும் கையெழுத்துப் போடாத இரண்டு பேர். போன் டாக்டர் அப்போது பிறந்திருக்கவே மாட்டாள்.

எழுதினால் எங்களுக்கு மகள் வீட்டு ரூம். எழுதாவிட்டால் எஸ்கலேட்டர் அடி.

ஊசி இரண்டு உடைந்தது இன்று.

மார்ச் 28, வெள்ளி

எழுதவில்லை.

திறப்பு விழாவை எழுதினேன், முதல் வருஷத்துக் கூட்டத்தை எழுதினேன், அடுத்த வரியில் மூன்றாம் வருஷத்துக்குப் போய்விட்டேன். கட்டினவனைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. பொய்யும் எழுதவில்லை, உண்மையும் எழுதவில்லை. கெட்டிக்காரத்தனம்தான்.

மார்ச் 31, திங்கள்

போன் டாக்டர்தான் கம்ப்யூட்டரில் அடித்துத் தந்தாள். காசு வேண்டாம் என்றாள். அடித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அக்கா, ரெண்டாவது வருஷம் எங்க? ஒரு பக்கம் விட்டுப் போச்சா?"

"அப்போ ஒண்ணும் நடக்கலம்மா."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். மேனேஜரும் படித்தார், "சூப்பர் மேடம்" என்றார். அந்தப் பெண் கண்ணில் பட்டது அவர் கண்ணில் படவில்லை. ஓட்டையைத் தைத்து மறைப்பது என் தொழில். இது நான் தைத்ததிலேயே மோசமான வேலை.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் ஷட்டர் தூக்கும்போது இவர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்றேன். போன் டாக்டர் கடைக்கு முன்னால் நான் நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறேன். அவளோ ஒன்றும் நடக்காத மாதிரி, "அக்கா, பார்த்து, அங்க தரை ஈரம்" என்கிறாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவருக்குச் சொன்னேன்: "நான் எழுதல. ஆனா நீங்க சொல்லலாம்ல?"

"யார்கிட்ட?"

"யார்கிட்டயாவது."

கடைக் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். மூடப் போகிற கடையின் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

ஏப்ரல் 12, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும். நடந்தது நடந்தபடி.

நடுக்கூடத்தில் கூட்டம். முப்பதாம் வருஷ விழாவையும் இடம் ஒதுக்குவதையும் ஒரே செலவில் முடித்துவிட நிர்வாகத்துக்கு ஆசை. நாற்காலிகள், மைக், மேஜையில் பூங்கொத்து. லாரிப் பக்கத்துக் கடைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சுவரில் என் சரித்திரத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

மேனேஜர் இவரை மேடைக்குக் கூப்பிட்டார். நான் எதிர்பார்த்தது, பேரை வாசித்துச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று. ஆனால் மேனேஜருக்குப் பேச்சு என்றால் உயிர். "இவர் யாரு தெரியுமா? இந்தக் கட்டடத்தோட தப்பால பாதிக்கப்பட்டவங்கள்லயே மூத்தவர்! முப்பது வருஷமா ஒரு வார்த்தை முணுமுணுக்காம பொறுமையா இருந்த மனுஷன்! இவரோட பொறுமைக்கு ஒரு கைதட்டல்!" பூங்கொத்தை இவர் கையில் திணித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஏடிஎம் வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். இவரை எனக்குத் தெரியும். வசவுக்கெல்லாம் பதில் வைத்திருக்கிறவர். இந்தக் கைதட்டல்தான் இவரைக் கவிழ்த்தது. பூங்கொத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். காது இரண்டும் சிவந்துவிட்டது. மேனேஜர் நன்றி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினார்.

"இந்தக் கட்டடத்துல தப்பு ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

மேனேஜர் சிரித்தார், அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து.

"பஸ் ஸ்டாப் முதல்ல எங்க பக்கம்தான் இருந்துச்சு. ஜனங்க கடைக்குள்ள வராங்கன்னு நான்தான் போய் மாத்தச் சொன்னேன். கடைக்குள்ள ஜனங்க வராங்கன்னு! மத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கினதும் நான்தான். மாத்திட்டாங்க. அவ்வளவுதாங்க நடந்தது. நான் பொறுமையா எல்லாம் இல்லை. பயந்துகிட்டு இருந்தேன்."

லாரிப் பக்கத்துக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஜூஸ் கடைக்காரர், "அப்போ எங்க பொழப்பே உங்களாலதானா!" என்று கத்தினார். ஸ்டுடியோக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? எல்லாத்தையும் கெடுத்தியே!" என்றார். இவர் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூங்கொத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மைக்கில் காகிதம் சரசரக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

மேனேஜர் திருதிருவென்று விழித்தார். பிறகு தன் மேலதிகாரிகளோடு போனில் பேசிவிட்டு வந்து, மூத்தவர் இளையவர் கணக்கு எல்லாம் வேண்டாம், சீட்டுக் குலுக்கிவிடலாம் என்றார்.

போன் டாக்டர் ஸ்க்ரூ போட்டு வைக்கிற டப்பாவில் நாலு சீட்டு. ஜூஸ் கடைக்காரரின் சின்னப் பெண் எடுத்தாள்.

முதல் சீட்டு ஸ்டுடியோக்காரர். எல்லாத்தையும் கெடுத்துவிட்டதாகக் கத்தியவருக்கு எஸ்கலேட்டர் அடி.

இரண்டாவது போன் டாக்டர்.

சுவரில் துணியை விலக்கினார்கள். யாரும் படிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று விட்டுப்போனது. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். பூங்கொத்து இவர் மடியில்.

"திட்டறதா இருந்தா திட்டிடு" என்றார்.

எனக்குத் திட்டவும் வரவில்லை. இடம் போய்விட்டது. நான் அளந்து வைத்த இடம், கம்பி சாய்வாக வருகிற இடம். வயிறு எரிந்தது. அதே நேரம், எப்படிச் சொல்வது, ரொம்ப நாளாக இறுக்கிக் கட்டியிருந்த எதையோ அவிழ்த்துவிட்ட மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே வயிற்றில்.

"அத்தனை பேர் முன்னாடி சொல்ல முடிஞ்சுதே, என்கிட்ட ஏன் சொல்ல முடியல?" என்று கேட்டேன்.

பூங்கொத்தின் காகிதத்தை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீ அந்தக் கடைக்கு வந்தப்போ அந்தப் பொம்மைங்களுக்கு நடுவுல நின்னு, 'எவ்வளவு பெரிய கடை!'ன்னு சொன்னே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

சொன்னேனா அப்படி? எனக்கு ஞாபகமே இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

மகள் ரூமை ஒழிக்க ஆரம்பித்துவிட்டாளாம். "அவசரப்படாதேடி" என்றேன். இவர் பக்கத்திலிருந்து, "இல்லைன்னு சொல்லு" என்றார். இத்தனை நாளில் அந்த விஷயத்தில் இவர் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

மே 3, சனி

காலி பண்ணிவிட்டோம். சாவிக்காரர் ஏற்கெனவே போய்விட்டார். அவருக்கு ஒரு மேஜையும் ஒரு மரத்தடியும் போதும், பெட்ரோல் பங்க் பக்கத்தில் பிடித்துவிட்டார். போன் டாக்டர் வந்து மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். கனம் தாங்காமல் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, துணியை என் கடைல குடுக்கச் சொல்லுங்க. சாயங்காலம் சாயங்காலம் நான் எடுத்துட்டு வரேன். இடம் எங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவளிடம் இரண்டாம் வருஷத்தைப் பற்றிப் பொய் சொன்னேன். அதை இன்று வாய்விட்டுச் சொன்னேன். "தெரியுமே" என்றாள். "அடுத்து எந்தப் பக்கம் தூக்கணும்?" என்று மிஷினைப் பார்த்துக் கேட்டாள்.

இடம் எங்கே என்று எனக்கே இன்னும் தெரியாது.

மே 19, திங்கள்

நாலு இடம் பார்த்தாயிற்று. ஒன்றில் வெளிச்சம் இல்லை. ஒன்றில் வீட்டுக்காரி மிஷின் சத்தம் ஆகாது என்கிறாள். கால் வலிக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் மனசு வலிக்கிறது. கால் வலியே தேவலை.

மே 27, செவ்வாய்

கிடைத்தது. மளிகைக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து, தரைத்தளத்தில் முன்னறை. எங்கள் பழைய கடையில் கால்வாசி இருக்காது. ஜன்னல் பெரிசு. மிஷினை ஜன்னலோரம் போட்டால் காலையில் விளக்கே வேண்டாம். எனக்குப் பிடித்திருக்கிறது. ரொம்பப் பிடித்திருக்கிறது என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் காட்டிக்கொள்ளவில்லை, வாடகையை ஏற்றிவிடுவார்.

ஜூன் 8, ஞாயிறு

நாளைக்குத் திறக்கிறோம். போன் டாக்டர் பை நிறைய பேன்ட் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்; பிரித்து அடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது.

இவர் பெயர்ப்பலகைக்கு வெள்ளை அடித்து, தன் கையாலேயே எழுதியிருந்தார். எழுத்து கொஞ்சம் மேலேறிப் போகிறது, படிக்க முடிகிறது. சாப்பிட்டதும் சுத்தியலும் ஆணியுமாக வெளியே போனார். சத்தம் கேட்கும் கேட்கும் என்று பார்த்தேன், கேட்கவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சந்தின் நடுவில் நின்று, போகிறவர் வருகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது.

"என்னங்க, மாட்டலையா?"

"எந்தப் பக்கத்துல இருந்து ஜனங்க வராங்கன்னு முதல்ல பார்த்துடறேன்" என்றார். "நீயும் வந்து பாரேன். எனக்கு மட்டும் சரியாத் தெரியாது."

போய்ப் பக்கத்தில் நின்றேன்.